கடைசிப் புள்ளி தற்காலிகமானது

1.

இந்தக் கதை ஒரு லிஃப்டில் பிறந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சிலருக்கு ஆற்றங்கரையில் கதை வரும், சிலருக்குக் கனவில் வரும். எனக்கு மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் வந்தது.

பல் டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. மணியை அழுத்தினேன். ஆள் வருகிறார், பொறுங்கள் என்று சுவரில் இருந்த ஒலிபெருக்கி சொன்னது. பொறுத்தேன். வேறென்ன செய்வது? கையில் புதுச் செருப்பு, அதைச் சுற்றிக் கொடுத்த பழைய செய்தித்தாள். செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் தாளை விரித்தேன்.

பாதிப் பக்கத்துக்கு ஒரு வரைபடம். அறுபது வருஷமாக இந்த நாடு தலைக்கு எவ்வளவு குடித்தது என்று காட்டும் ஒரே ஒரு கோடு. இடது பக்கம் விறுவிறுவென்று ஏறி, நடுவில் கூன் போட்டு, வலது பக்கம் நிதானமாக இறங்குகிறது. ‘நாடு குடியை விட்டுவருகிறது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கோட்டின் கடைசிப் புள்ளி மட்டும் மற்றப் புள்ளிகளைப்போல் கறுப்பாக இல்லை. உள்ளே ஒன்றும் நிரப்பாத சின்ன வட்டமாக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘கடைசிப் புள்ளி தற்காலிகமானது.’

அப்போதுதான் மேலேயிருந்து குரல் கேட்டது. “பயப்படாதீங்க. லிஃப்ட் விழாது. நடுவுல நிக்கும், அவ்வளவுதான்.”

கதவை நெம்பித் திறந்தவர் நாற்பதைத் தாண்டிய மெக்கானிக். கை கொடுத்து என்னை மேலே தூக்கிவிட்டார். அந்தக் கை லேசாக நடுங்கியது. என் கனத்தினால் நடுங்கியிருக்கலாம், நானும் அப்படியொன்றும் ஒல்லியில்லை. ஆனால் சற்றுமுன் படித்தது குடிக்கணக்கு அல்லவா, புத்தி அந்தப் பக்கமே போயிற்று. இவர் குடிப்பவரா? குடித்து விட்டவரா? விட்டுக்கொண்டிருப்பவரா? கேட்க வாய் வரவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்:

‘ஒரு காலத்தில் இந்த நாடு வஞ்சனையில்லாமல் குடித்தது. ஆலைகள் வந்தன. சம்பளம் வந்தது. சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டக் கடைகளும் வந்தன. பிறகு நாடு மெல்ல மெல்ல—’

நிறுத்திவிட்டேன். மெல்ல மெல்ல என்ன? நாட்டுக்கு வாய் இருக்கிறதா? மறுநாள் காலையில் நாட்டுக்குத் தலைவலி வருமா, நாட்டின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போவாளா? நாடு குடிக்காது. ஆள்தான் குடிப்பான்.

சரி, ஒரு ஆளைப் பிடிப்போம் என்று இரண்டாவது தொடக்கம் எழுதினேன். வரைபடத்தில் இருந்த சராசரியையே ஆளாக்கிவிட்டேன்.

‘அவன் தினமும் மாலையில் சரியாக ஒரு சின்னக் கிண்ணம் குடித்தான். சந்தோஷம் வந்தாலும் கூட்டவில்லை, சாவு விழுந்தாலும் குறைக்கவில்லை. அவனுடைய மனைவி—’

இப்படி ஒருவனுக்கு மனைவி எங்கே இருப்பாள்? பயந்து ஓடிப்போயிருப்பாள். இரண்டு பக்கம் தள்ளினேன், ஆள் மூச்சே விடவில்லை. பிறகுதான் உறைத்தது. என் கதையில் வரும் நாட்டில் பாதிப் பேர் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லது கெட்டதுக்கு வாயை நனைப்பவர்கள். ஒரு சிலர்தான் எல்லோருக்குமாகச் சேர்த்துக் குடிக்கிறார்கள். அந்தச் சிலர் குடித்ததை ஊர்த்தலையில் பங்கு போட்டால் வருவதுதான் சராசரி. ஊரில் ஒருவர்கூட அப்படிக் குடிப்பதில்லை.

மூன்றாவது தொடக்கத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த நிரப்பாத வட்டம் கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் அதை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டிருக்கிறார். ஊரே விட்டுவருகிறது, விட்டுவருகிறது என்று கொட்டடிக்கும்போது, ‘இருங்கள், இன்னும் உறுதியில்லை’ என்று அடியில் ஒரு வரி போட்டிருக்கிறார். அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கதை அவளுடையது.

3.

அவளை அக்கா என்றே சொல்வோம். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அதனால்.

புள்ளிவிவர அலுவலகத்தில் இரண்டாம் மாடி. திரையில் வெளிச்சம் விழக்கூடாதென்று மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டவள். ஐம்பதை நெருங்கிய வயது, தனி ஆள், இரண்டு படுக்கையறை வீடு, சொந்தச் சம்பாத்தியம். நாடு தலைக்கு எத்தனை லிட்டர் குடித்தது என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்வது அவள் வேலை.

கேட்க எளிதாக இருக்கும். ஆலைகளும் கடைகளும் இவ்வளவு விற்றோம் என்று கொடுக்கும் கணக்கு ஒரு பக்கம். வீடுவீடாகப் போய், ‘போன வாரம் எவ்வளவு குடித்தீர்கள்?’ என்று கேட்டு வாங்கும் கணக்கு மறுபக்கம். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. விற்றதில் பாதியைத்தான் ஜனங்கள் குடித்ததாக ஒப்புக்கொள்கிறார்கள். மீதியை யார் குடித்தது? அவர்கள் சொல்படி பார்த்தால் யாருமில்லை. பாட்டில்கள் தம் இஷ்டத்துக்குக் காலியாகியிருக்கின்றன. *

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த எண் எதையும் உடனே நம்பமாட்டார்கள். சரக்கு விற்ற கணக்கு தாமதமாக வரும், வந்ததில் தப்பு இருக்கும், திருத்தி மறுபடி வரும். அதனால் கடைசிப் புள்ளி நிரப்பாத வட்டமாகவே கிடக்கும், சில சமயம் இரண்டு வருஷம்கூட. எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் கறுப்பு. மற்றவர்கள் இந்த விதியைக் கடமைக்குப் பின்பற்றினார்கள். அக்கா அதையே வேதமாக வைத்திருந்தாள். கூட வேலை செய்த ஒருவர் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்தபோது, எடுத்துக்கொள்வதற்கு முன்னால் “உறுதியாயிடுச்சா?” என்று கேட்டவள் அவள். அன்றிலிருந்து அவளுக்குத் ‘தற்காலிகம்’ என்றே பெயர். அவளுக்கும் தெரியும். அவள் கண்டுகொண்டதில்லை.

* இந்தப் பாட்டில் நகைச்சுவை என்னுடையது. அக்கா சிரிக்கமாட்டாள். அவளுக்கு அந்த மீதிப் பாதி யார் வீட்டில் காலியானது என்று தெரியும்.

4.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். (ஆமாம், அவரேதான். கதைக்குள் வந்த பிறகு மரியாதை குறைந்துவிட்டது. கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.)

அவனைப் பற்றி நான் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதில் அவன் ரொம்பத்தான் நல்லவனாக வந்திருந்தான். குடிகாரனை எழுத உட்கார்ந்தால் எழுதுகிறவர்களுக்கெல்லாம் இந்த வியாதி வந்துவிடுகிறது. குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன், பாட்டுப் பாடுவான், நாய்க்குச் சோறு வைப்பான் என்று ஒரு மெருகு பூசிவிடுவோம். இவனும் தங்கமானவன்தான். ஆனால் பெண்டாட்டி நகையை விற்றிருக்கிறான். குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு, எல்லாக் குழந்தையும் போய், வாசல்கேட்டைப் பூட்டிய பிறகும் அந்தக் குழந்தை வெளியே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவன் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பினாள். ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. சண்டையெல்லாம் அதற்கு முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது.

இப்போது அவன் டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருக்கிறான். விட்டுவிட்டேன் என்கிறான். ஏழெட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். தட்டைக் கழுவி வைப்பான், சமையலறைக் குழாயில் ஒழுகலை நிறுத்துவான், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அடித்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவான். அக்கா வாய்விட்டுச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவன் கண்ணைப் பார்ப்பாள், சிவந்திருக்கிறதா என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பாட்டுக்கு நடுவில், எத்தனை மாதமாகிவிட்டது தெரியுமா என்று குழந்தைபோல் கேட்டான். பாராட்டுக்கு ஏங்கித்தான் கேட்டான். அக்காவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அந்த நிறைவில் அவள் வாயிலிருந்து வந்தது இது:

“கடைசிப் புள்ளி எப்பவும் தற்காலிகம்தான்டா. ரெண்டு வருஷம் போகட்டும். நானே கறுப்பு அடிக்கறேன்.”

அவள் அலுவலகத்தில் இது வசவே இல்லை. அங்கே எல்லா எண்ணும் இப்படித்தான் பிறக்கிறது. உன்னை நான் கணக்கில் சேர்த்துவிட்டேன், கோட்டில் உனக்கு இடம் போட்டாகிவிட்டது என்று அவள் பாஷையில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பாசமான வார்த்தை அதுதான். தம்பி சிரித்தான். தட்டைக் கழுவி வைத்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் பண்ணினால் வேலை இருக்கிறது என்றான்.

வேலை இருந்ததா, வேறு எங்காவது இருந்தானா? அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தான் சொன்ன ஒரு வார்த்தையே அவனைத் திரும்பக் கடைக்கு அனுப்பியிருக்குமோ என்று நினைத்து நினைத்து மருகினாள்.

5.

கதையில் இதுவரை முடிச்சு இல்லை என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. இதோ.

தம்பி மனைவி ஒரு மதியம் அலுவலகத்துக்கே வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள், பேசும்போது எதிராளி மூக்கில் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுவாள். இரண்டு பேரும் கீழே கேன்டீனில் உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவளுடைய கடைக்கு வேறு நகரத்தில் கிளை திறக்கிறார்களாம். இவளை மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். போனால் குழந்தையும் அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும், அப்பனை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். போகாமல் இங்கேயே இருந்தால், சனி ஞாயிறு அவன் குழந்தையோடு இருக்கட்டும் என்று அவளுக்கும் ஒரு மனசு இருக்கிறது. குழந்தை கேட்கிறது. ராத்திரியில் கேட்கிறது. கடைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

“அவர் விட்டுட்டேன்னு சொல்றாரு. அவர் சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்னு உங்களுக்கே தெரியும் அண்ணி,” என்றாள். “நீங்க தெரியாததைச் சொல்ல மாட்டீங்க. உங்க வாயால விட்டுட்டான்னு சொல்லுங்க. நான் இங்கயே இருந்துடறேன்.”

அக்கா டீயை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தாள். நாட்டின் குடியைப் பற்றி அறுபது வருஷத்துக்கு அடித்துப் பேசக்கூடியவள், கூடப்பிறந்தவன் ஒருத்தனைப் பற்றி எட்டு மாதத்துக்குச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பொறு என்று மட்டும் சொன்னாள்.

(இந்த இடத்தில் அவள் நேரே டயர் கடை மாடிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். போய் என்ன பார்ப்பாள்? அறையில் பாட்டில் இல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை என்று அர்த்தம். வருஷக்கணக்காக அலமாரியையும் கட்டிலடியையும் தேடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.)

6.

அவளுக்குத் தெரிந்த இடத்தில் தேடினாள். மேசைக்குத் திரும்பிப் போய், அறுபது வருஷத்துக் கோட்டைப் பிரித்துப் போட்டாள்.

இதற்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை, யாரும் கேட்டதில்லை. கோடு இறங்குகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஏன் இறங்குகிறது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வரியை ஏற்றினோம், அதனால்தான் என்றது அரசாங்கம். நாங்கள் எச்சரித்தோம், அதனால்தான் என்றார்கள் டாக்டர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறார்கள், கடைப்பக்கம் வந்தால்தானே என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். அக்கா எண்களை வயதுவாரியாகப் பிரித்தாள். எந்த வருஷம் பிறந்தவர்கள் எந்த வயதில் எவ்வளவு குடித்தார்கள் என்று தனித்தனியாகக் கோடு இழுத்தாள்.

இருபத்தைந்து வயதில் நிறையக் குடித்தவர்கள் ஐம்பதிலும் கிட்டத்தட்ட அவ்வளவேதான் குடித்திருந்தார்கள். அந்தக் கோடுகள் இறங்கவே இல்லை. ஒரு வயதுக்கு அப்புறம் அப்படியே அறுந்துபோயிருந்தன. அடியில் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் தொடாமலே வளர்ந்தார்கள். மேலே இருந்தவர்கள் குறைய, கீழே தொடாதவர்கள் சேர, நடுவில் சராசரி தானாக இறங்கிக்கொண்டிருந்தது. நாடு குடியை விடவில்லை. குடித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்கா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தான் வரைந்த அந்த அழகான இறக்கத்தைப் பார்த்து, நாடே விடுகிறபோது இவனும் விடமாட்டானா என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து போய் இயக்குநரிடம் சொன்னாள். பத்திரிகைகளுக்கு அடுத்து அனுப்பும் குறிப்பில் ‘விட்டுவருகிறது’ என்று எழுதக்கூடாது, அது தப்பு என்றாள். இயக்குநர் புதிதாக வந்தவர், நல்ல மனுஷர், தலைப்புகளில் ஆசை உள்ளவர். விட்டால் என்ன, போனால் என்ன, கோடு இறங்குகிறதா இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“விட்டவங்க வேற, போனவங்க வேற சார்,” என்றாள் அக்கா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. குடிக்கணக்குக்காக ஒருத்தி அழுது அந்த அலுவலகம் பார்த்ததில்லை. இயக்குநர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதோடு விட்டாளா? இல்லை. அந்த அலுவலகத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப் போய், அதே கேள்வியைக் கேட்டு வாங்குவது. அதில் தம்பியைப்போல் நாற்பதைத் தாண்டிய, அவனைப்போல் குடித்த, அவனைப்போல் விட்டுவிட்டேன் என்று ஒருமுறையாவது சொன்ன ஆண்களைப் பொறுக்கினாள். அடுத்தடுத்த முறை அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்த்தாள்.

கொஞ்சம் பேர் விட்டது விட்டதுதான். அவள் உயிர் திரும்பி வந்தது. அதைவிட அதிகம் பேர் திரும்பப் போயிருந்தார்கள். திரும்பப் போனவர்களில் சிலர் மறுபடி விட்டு, மறுபடி போய், மறுபடி விட்டிருந்தார்கள். எல்லோரையும்விட அதிகம் பேர், அடுத்த முறை ஆள் போய்த் தட்டியபோது கதவையே திறக்கவில்லை. அவர்கள் பெயருக்கு நேரே பதில் இல்லை என்று போட்டிருந்தது. நல்லபடியாக இருந்ததால் திறக்கவில்லையா, மோசமாக இருந்ததால் திறக்கவில்லையா? கணக்கில் அதற்கு வழியில்லை.

7.

இப்போது நான் கொஞ்சம் பேசவேண்டும்.

அக்கா இந்த நாட்டுக் குடியைப் பற்றி எல்லாம் தெரிந்தவள். தம்பி குடிக்கிறானா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எனக்கு நாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, செருப்பு சுற்றிய தாளில் படித்ததோடு சரி. ஆனால் தம்பி விஷயத்தில் என் பேனாதான் தெய்வம். ‘அவன் விட்டுவிட்டான்’ என்று எழுதினால் விட்டவன். ‘அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவன் கடையில் கிடந்தான்’ என்று எழுதினால் கிடந்தவன். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவன் விட்டுவிட்டான். வராத ஞாயிறுகளில் கூடுதல் வேலை பார்த்து, குழந்தைக்கு ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறான். அக்கா அழுகிறாள், மனைவி அழுகிறாள், நானும் லேசாக அழுதேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தால் சைக்கிள் விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டாவதில் அவன் குடிக்கிறான். அக்கா ஆம் என்று சொல்லிவிடுகிறாள், அவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறான், நடுவழியில்— போதும். ஒரு குழந்தையை அடித்துப்போட்டு வாசகரை உலுக்குகிற வேலை எனக்கு வேண்டாம்.

மூன்றாவதில் அக்கா முடியாது என்கிறாள். ரயில் கிளம்புகிறது. ஜன்னலில் குழந்தை, நடைமேடையில் தம்பி, அவன் நேராகக் கடைக்குப்

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். முடிக்காமல் அப்படியே இருக்கட்டும். அக்கா பயந்தது இதற்குத்தான். நம்பினால் ஏமாறலாம். நம்பாவிட்டால், நம்பாததே அவனைத் தள்ளிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் வியாழக்கிழமை வரைக்கும் நின்றாள். மேலேயிருந்து குனிந்து பார்த்து விடையைச் சொல்லிக் கொடுத்தால், அவள் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். நான் சொல்லவில்லை.

8.

வியாழக்கிழமை மாலை அவளே தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். பேசவேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். எடுத்தவுடன் எல்லாம் மறந்துபோயிற்று.

“அவன் விட்டுட்டானான்னு எனக்குத் தெரியாதும்மா,” என்றாள். “என் முன்னால குடிக்கல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே மேலே சொன்னாள்.

“ஆனா நீ போகாத. சனிக்கிழமை குட்டியை என் வீட்டுக்கு அனுப்பு. அவன் அங்க வரட்டும்.”

“தெரியாதுன்னும் சொல்றீங்க, அனுப்புன்னும் சொல்றீங்க. என்ன அண்ணி இது?”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் அனுப்பணும்னா அவளுக்குக் கல்யாணமே ஆயிடும். நான் வீட்ல இருப்பேன். குடிச்சிட்டு வந்தான்னா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன், உனக்கும் உடனே சொல்லிடுவேன். அதுக்கு வேணா சத்தியம் பண்றேன். மத்ததுக்கு என்கிட்ட சத்தியம் கேக்காத.”

தம்பி மனைவி யோசித்தாள். போனில் பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் சரி என்றாள், இரண்டு மாதம் பார்க்கிறேன், கடையில் கேட்டுத் தள்ளிப்போடுகிறேன் என்றாள். வைப்பதற்கு முன் அவளே சொன்னாள், “நீங்க விட்டுட்டான்னு சொல்லியிருந்தா, தம்பிக்காகச் சொல்றீங்கன்னு நான் அனுப்பியிருக்க மாட்டேன் அண்ணி.”

அக்கா பிறகு தம்பிக்குப் பேசினாள். சனிக்கிழமை காலையில் வா, குட்டி வருகிறாள் என்றாள். அவன் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். இரண்டு ஞாயிறு ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை. அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தாள், அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

9.

சனிக்கிழமை. மணி அடித்ததும் அக்கா போய்க் கதவைத் திறந்தாள்.

தம்பி வெளியே நின்றான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். தாடையில் சவரம் செய்த வெட்டு ஒன்று. உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, அவளைப் பார்க்காமல், மெதுவான குரலில் சொன்னான்.

“நீ கேக்க மாட்டே. ஆனா அவளுக்கு நீ பதில் சொல்லணும்ல. கிட்ட வா. ஊதிக் காட்டறேன்.”

போலீஸ்காரன் ரோட்டில் மறித்துச் செய்யச் சொல்வதைக் கூடப்பிறந்தவளுக்கு முன்னால் அவனாகச் செய்கிறேன் என்றான். வேண்டாம்டா, உள்ளே வா என்று அக்கா சொல்லிவிடலாம். அதைவிட அவனுக்கு வேறு எதுவும் பெரிதாக இருக்காது, அவன் முகத்திலேயே அது தெரிந்தது. ஆனால் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்டானா இல்லையா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த அதே முகம் பக்கத்தில் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை விட்டான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் எந்தக் கணக்கிலும் கிடைக்காதது ஒரு மூச்சில் கிடைத்துவிட்டது. எனக்கும் தெரியும். நான்தானே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்லியிருப்பேன். பேனாவைத் தாளில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் அக்காவுக்குப் பின்னால், கூடத்தில் நின்றவளைக் கவனித்தேன்.

முன்னதாகவே வந்துவிட்ட குட்டி, மணிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்திருக்கிறாள். பாதியில் நின்றுவிட்டாள். ஆறு வயசுக் குழந்தை, அப்பனைப் பார்த்து இத்தனை மாதம் ஆகிறது, பாய்ந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டாமா? அவள் அப்பா பக்கம் பார்க்கவே இல்லை. அப்பா முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதை அவள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை திரும்பியதும் அத்தை முகத்தைப் பார்ப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவதா, உள்ளே போய் ஒளிவதா என்று முடிவு செய்வாள்.

அவளுக்கு இல்லாத விடை உங்களுக்கு எதற்கு? வாருங்கள், அவள் உயரத்துக்குக் குனிந்து அவள் பக்கத்தில் நில்லுங்கள். இங்கேயிருந்து பார்த்தால் அத்தையின் முதுகு மட்டும்தான் தெரியும். தம்பி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

அத்தை இதோ திரும்பப் போகிறாள். அந்த முகத்தில் என்ன இருக்கவேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை நிற்கிறது.